புதுப்பிப்பு: குரோஷே சதுரங்களை இணைக்கும்போது வந்த சுருக்கம் போய்விட்டது

போர்வைக்காகக் குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) செய்த 48 சதுரங்களை இணைக்கையில் ஓரம் இழுத்துக்கொண்டு சுருங்குகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி, போர்வை முடிந்துவிட்டது.

பலித்தது, ஊசியை மாற்றச் சொன்ன அக்காவின் யோசனைதான். சதுரங்களைப் பின்னியது 4 மி.மீ. ஊசியில். இணைக்க 5 மி.மீ. எடுத்து, ஓரப் பின்னல்களின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் ஸ்லிப் ஸ்டிச் (நூலை நேரே இழுத்துவிடும் தட்டையான பின்னல்) போட்டேன். முதலில் குறுக்கு வரிசைகள் எல்லாம், அப்புறம் நெடுக்கு. நான்கு மூலை சந்திக்கும் இடத்தில் நூலை வெட்டாமல் ஒரு சங்கிலிப் பின்னல் போட்டுத் தாண்டினேன்.

எதிர்பாராதது ஒன்று: வடிவம் படிய நனைத்து, குண்டூசி குத்தி விரித்த பருத்திப் போர்வை கொழும்பு வெள்ளவத்தை மழையில் காய மூன்று நாள் எடுத்தது. அதற்குள் ஒரு குண்டூசி துருப்பிடித்து, மூலையிலிருந்த வெள்ளைச் சதுரத்தில் பழுப்புப் பொட்டு. சரி, அதைக் கால்மாட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.