தூரம் (மாதவிடாய்) நின்ற பிறகு வரும் படபடப்பும் வேர்வையும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மண்டபம் பக்கத்திலிருந்து:

என் மதினியின் கதையைச் சொல்கிறேன், படிக்கிறவர்கள் தங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். மதினிக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சின்ன வயதிலிருந்தே தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கினால், கூட வரும் குமரிப் பிள்ளைகளால் அவருக்கு ஈடுகொடுக்க முடியாது. தூரம் நின்று ஒரு வருஷம் தாண்டியதும் ராத்திரியில் திடீர் திடீரென்று உடம்பு அனலாகி, குப்பென்று வேர்த்து, ஜாக்கெட் நனைந்து, எழுந்து வாசல்படியில் உட்கார ஆரம்பித்தார். வெக்கை என்றார்கள். தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனபோது, வயசானால் இப்படித்தான் என்று தூக்க மாத்திரையும் கால்சியமும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார், பிபி பார்க்கவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் முங்கி எழும்போதெல்லாம் மூச்சு வாங்கியது, தாடையிலும் முதுகிலும் இழுத்துப் பிடிக்கிற வலி, ஒரு குமட்டல். கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாளும் வள்ளம் ஏறினார். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது, தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், அசதி, குமட்டல் என்று கூட வரும். அதனால்தான் கேஸ் என்று தள்ளிப்போட்டுவிடுகிறோம்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வீடு தேடி வந்து பிபியும் சுகரும் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் தெருவுக்குப் பிபி பார்க்கிற தங்கச்சி வருகிற நேரத்தில் பாசிக்காரப் பெண்கள் எல்லாரும் கடலில் இருப்பார்கள். கடைசியில் குழுவில் பேசி, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பாசி நாட்களை விட்டுவிட்டு மற்ற நாளில் வரச் சொன்னோம். அன்றைக்குத்தான் மதினிக்குப் பிபி 170/100 என்று தெரிந்தது, சுகரும் ஏறியிருந்தது. ஈசிஜி எடுத்து, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஈசிஜி எடுத்த இடத்தில் இருந்த மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார். தூரம் நிற்கும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது ரத்தக்குழாய்க்கு அதுவரை இருந்த பாதுகாப்பும் குறைகிறதாம், கடைசித் தூரத்தை ஒட்டிய ஓரிரு வருஷத்தில் கெட்ட கொழுப்பு சட்டென்று ஏறுகிறதாம், இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு வந்து சேர, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சுகர் ஏறுகிறதாம். அனல் அடிப்பது அடிக்கடி, பல வருஷம் நீடிக்கிற பெண்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுவதால், அதை வெறும் தொந்தரவாக எண்ணாமல் பிபி, சுகர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்றார். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நம் ஊர்ப் பெண்கள் கவனிக்க வேண்டுமாம். பாசி எடுக்கிறவள், ஓடியாடி வேலை செய்கிறவள், எனக்கெல்லாம் வராது என்று யாரும் இருக்காதீர்கள்.

கீழக்கரையிலிருந்து:

அக்கா, எங்கள் சின்னம்மாவுக்கு 38 வயதில் உதிரப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், கூடவே இரண்டு சூலகத்தையும் (சினைப்பை) எடுத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. மறு வாரமே அனல், படபடப்பு, தூக்கமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை இன்னொரு மருத்துவரிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. 45 வயதுக்கு முன்பே இப்படித் தூரம் நின்றுபோனால் இதய நோய்க்கான வாய்ப்பும் எலும்புத் தேய்மானமும் கூடும் என்றும், வேறு தடை இல்லாவிட்டால் இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை தருவது உண்டு என்றும் சொன்னார். ஆனால் வயதாகி இயல்பாக நின்றவர்கள் இதயத்தைக் காப்பாற்றுவதற்கென்றே அந்த மாத்திரையைத் தேடிப் போக வேண்டாம் என்றார். ஆபரேஷன் என்று சொன்னால் சூலகத்தை விடுகிறீர்களா எடுக்கிறீர்களா என்று முன்னாலேயே கேளுங்கள், அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பாம்பனிலிருந்து:

நான் கருவாடு காயப்போடுகிறவள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகு போகாத 61 நாளும் எங்கள் வீட்டில் பெரும்பாலும் கருவாட்டுக் குழம்புதான். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று பிபி மாத்திரை தந்த நர்ஸ் சொன்னபோது மலைத்துவிட்டேன், ஏனென்றால் நெத்திலிக்கு நாங்கள் அள்ளிப் போடுகிற உப்பு எனக்குத் தெரியும். இப்போது கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து ரெண்டு மூணு தண்ணீர் மாற்றி அலசிவிட்டு, குழம்புக்குத் தனியாக உப்புப் போடுவதில்லை. சாளை கிடைக்கிற நாளில் பொரிக்காமல் குழம்பு வைக்கிறேன். மாத்திரையை நிறுத்தவில்லை. தங்கச்சிமடம் பக்கம் யாராவது சாயந்திரம் பிபி பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா, கருவாட்டுக் களத்தில் வேலை பார்க்கிற எங்களுக்குப் பகலில் நகர முடியாது.