மறுமொழி: ஒரே குடும்பப்பெயர் கொண்டோர் பட்டியலுக்கு ஒரு சொல்

> “குலப்பெயர்ப் பட்டியல்” என்றே வைத்துவிடலாமே. சொல்லும் பழகியது.

ஐயா, எனக்கு உடன்பாடில்லை. குலம் என்றதும் நம்மவர்க்குச் சாதிதான் முன்னே வந்து நிற்கும். அதை விட்டுத்தள்ளினாலும், நாம் தொகுக்கும் அமெரிக்கப் பெயர்களுக்கு அது ஒட்டாது.

ஹவ் என்ற பெயரைப் பாருங்கள். தையல் இயந்திரத்துக்கு 1846இல் காப்புரிமை பெற்றவர் எலியாஸ் ஹவ். ஊசியின் காதை முனைப்பக்கம் வைத்து, கீழிருந்து ஓடம் (நூலைச் சுமந்து ஓடும் சிறு பாகம்) இன்னொரு நூலைக் கொண்டுவரும்படி செய்தவர். ‘பேட்டில் ஹிம் ஆஃப் த ரிபப்ளிக்’ பாடலை எழுதியவர் ஜூலியா வார்டு ஹவ். இருவரும் பிறந்தது 1819இல். எலியாஸுக்குப் பெயர் பிறப்பால் வந்தது. பாலத்தைத் தாங்கும் சட்டகத்துக்கு 1840இல் காப்புரிமை வாங்கிய வில்லியம் ஹவ் அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர். ஜூலியாவோ நியூயார்க் வங்கியாளர் வார்டின் மகள். 1843இல் சாமுவேல் கிரிட்லி ஹவ்வை மணந்த பிறகே ஹவ் ஆனார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 பிப்ரவரியில் ஜூலியாவின் பாடல் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வந்தது, அதே ஆண்டில் எலியாஸ் கனெக்டிகட் 17ஆம் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். ஒரே போர், ஒரே தரப்பு (வடக்கு), ஒரே பெயர். அதற்காக ஒரே குலம் என்று எழுதிவிட முடியுமா?

ஃபுல்லர் பட்டியலிலோ இரத்த உறவே இருக்கிறது. 1954இல் புவிக்கோட்டுக் கூரைக்கு (முக்கோணங்களை இணைத்துக் கட்டும் கோளக் கூரை, geodesic dome) காப்புரிமை பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்கு, பெண்ணுரிமை எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லர் தாத்தாவின் அக்கா. நமக்கு வேண்டிய சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

‘ஒருபெயரர்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். கேட்க அழகுதான், ஆனால் பெயரன் என்றால் பேரன். விக்கிப்பீடியாவில் ஒரே தலைப்புள்ள கட்டுரைகளைப் பிரித்துக்காட்டும் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ பக்கத்துக்குச் சரி, ஆட்களுக்கு ஆகாது.

என் பரிந்துரை: பகிர்பெயர். வினைத்தொகை, பகிர்ந்த, பகிர்கிற, பகிரும் என்று முக்காலமும் அடங்கும். பிறப்பால் பகிர்ந்தாலும் மணத்தால் பகிர்ந்தாலும் இடிக்காது. தலைப்பு ‘ஹவ் (பகிர்பெயர்)’ என்றிருக்கலாம். நடுவில் ஒற்று மிகாது. ‘பகிர்ப்பெயர்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

இன்னொன்று பாக்கி. ரைட், மில்லர் போன்றவை தொழிலால் வந்த பெயர்கள். விமானம் செய்த ரைட் சகோதரர்களும் எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும் அந்த வரிசையில் வருவார்கள். இவ்வகையைத் ‘தொழிற்பெயர்’ என்றால் இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘தொழில்வழிப் பெயர்’ போதுமா, வேறு சொல் உண்டா?