மாற்றல் ஆர்டர் போட முடியாத போலீஸ்

குழு: மேலமாசி வீதி சொந்தங்கள்

செல்வி: கார்த்தி, வாக்கிங் போற வழியெல்லாம் புல்தரையில பேர் போட்ட அட்டை குத்தி வச்சிருக்காங்க. ஒண்ணுல ஷெரிஃப்னு இருக்கு. போலீஸ்காரருக்கு எதுக்குடா விளம்பரம்?

கார்த்தி: எலெக்‌ஷன்மா. அமெரிக்காவுல இந்த நார்த் கரோலைனா மாநிலத்துல ஒவ்வொரு கவுன்டிக்கும், அதான் நம்ம மாவட்டம் மாதிரி, நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஜனங்க ஓட்டு போட்டுத்தான் ஷெரிஃப் வரணும். மாநில அரசியல் சாசனத்துலயே இருக்கு.

சுந்தரம்: கட்சி உண்டா மாப்ள?

கார்த்தி: உண்டு மாமா. ஓட்டுச்சீட்டுல பேருக்குப் பக்கத்துலயே போட்டிருக்கும்.

சுந்தரம்: ரிட்டயர்டு இன்ஸ்பெக்டரா சொல்றேன், வெளங்காது. ஓட்டு கேக்குறவன் எப்படி லத்தி எடுப்பான்?

திவ்யா: அப்பா, எஸ்.பி.ய ராத்திரியோட ராத்திரியா தூக்கி அடிக்கிறாங்கன்னு புலம்புனது நீங்கதானே 😄 இங்க கவர்னரே நெனச்சாலும் ஷெரிஃபுக்கு மாற்றல் ஆர்டர் போட முடியாது.

சுந்தரம்: தப்பு பண்ணா?

திவ்யா: ஜட்ஜ்கிட்ட மனு போடணும். 2022ல கொலம்பஸ் கவுன்டி ஷெரிஃப், தன் கீழ வேலை பாக்குற கறுப்பினத்தவங்களப் பத்தி போன்ல கேவலமா பேசின ரெக்கார்டிங் வெளிய வந்துச்சு. அரசு வக்கீல் பதவிய விட்டு நீக்கணும்னு மனு போட்டார். அக்டோபர்ல விசாரணை நடக்குறப்பவே ஆளு ராஜினாமா.

செல்வி: ஒழிஞ்சான்.

திவ்யா: எங்க அத்தை! நவம்பர் தேர்தல் சீட்டுல பேரு இருந்துச்சு, திரும்ப ஜெயிச்சுட்டார். பதவி ஏத்ததும் வக்கீல் மறுபடி மனு போட, 2023 ஜனவரியில ரெண்டாவது ராஜினாமா.

செல்வி: அடப்பாவி! அந்த ஊரு ஜனம் என்ன ஜனமோ.

சுந்தரம்: ஜெயில்ல இருந்துக்கிட்டே ஜெயிச்சவன நாம பாக்கலையா செல்வி. சரி, இவருக்கு வேலைதான் என்ன? கார்த்தி ஊருக்குத் தனி போலீஸ் இருக்குன்னானே.

கார்த்தி: இருக்கு மாமா. கேரி டவுன் போலீஸ் வேற, அதுக்கு சீஃப் நியமனம்தான். ஷெரிஃப் கையில இருக்கறது கவுன்டி ஜெயில், கோர்ட் காவல், சம்மன், வீட்டக் காலி பண்ண வைக்கிறது. 2023 மார்ச் வரைக்கும் கைத்துப்பாக்கி வாங்கவே அவர்கிட்ட பர்மிட் வாங்கணும். சட்டசபை அத ரத்து பண்ணிடுச்சு.

கார்த்தி: ஆனா அரசியல் பூரா ஜெயில்லதான். பிடிச்சுட்டு வர்றவங்களோட குடியேற்ற நிலைய விசாரிச்சு ஐஸ்காரங்களுக்கு (ICE, மத்திய அரசோட குடியேற்றத் துறை) சொல்ற ஒப்பந்தம் இருந்துச்சு. 2018ல இங்க எங்க வேக் கவுன்டியிலயும் திவ்யா இருக்கற மெக்லன்பர்க் கவுன்டியிலயும் அத நிறுத்துவேன்னவங்க ஜெயிச்சு, நிறுத்தியும் காட்டுனாங்க.

திவ்யா: எங்க சார்லட்ல பிரைமரியிலயே, அதான் கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற முதல் கட்ட ஓட்டுலயே, பழைய ஷெரிஃப் காலி. டெமாக்ரட் கோட்டைங்கிறதால அதுதான் நிஜத் தேர்தல்.

சுந்தரம்: மேல உள்ளவன் சும்மா விட்டானா?

கார்த்தி: விடுவாங்களா? சட்டசபை ரிபப்ளிகன் கையில. ஷெரிஃப்கள் ஐஸோட ஒத்துழைச்சே ஆகணும்னு 2019ல மசோதா, அப்போ கவர்னரா இருந்த டெமாக்ரட் கூப்பர் வீட்டோ போட்டுத் தடுத்துட்டார். 2022லயும் அதே. 2023ல வீட்டோவ முறியடிக்கிற பலம் வந்துடுச்சு, 2024 நவம்பர்ல சட்டமாயிடுச்சு. ஐஸ் கேட்டா 48 மணி நேரம் வரைக்கும் பிடிச்சு வைக்கணும்.

சுந்தரம்: ஆக, ஆளை மாத்த முடியாதுன்னு சட்டத்த மாத்திட்டாங்க. கெட்டிக்காரங்கதான்.

திவ்யா: அதான்ப்பா எனக்குக் கடுப்பு. ஓட்டு போட்டது நாங்க, தீர்மானம் பண்றது மாநிலத் தலைநகர் ராலேல உக்காந்திருக்கறவங்க.

கார்த்தி: சட்டசபைக்கும் ஜனங்கதான ஓட்டு போட்டாங்க திவ்யா?

திவ்யா: தொகுதி எல்லைய எப்படி வரைஞ்சாங்கன்னு தெரியாத மாதிரி பேசாதீங்க அத்தான் 😤

செல்வி: சண்டை வேணாம். கார்த்தி, இந்த வாட்டி நீ யாருக்குப் போடப் போற?

கார்த்தி: நான் ஹெச்1பி வேலை விசால இருக்கேன்மா. எனக்கேது ஓட்டு? சிட்டிசன் அம்மணி அங்க இருக்கா, கேளு.

திவ்யா: அப்பா இருக்கற குரூப்புல சொல்ல மாட்டேன் 🤐