பத்தடி தூரத்தில் இருந்தவர் டிக்கெட் எண் ஆன கதை

கோபால் மாமா எழுதியது:

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணா, எங்க ஸ்டேட்ல எல்லா டிபார்ட்மெண்ட் ஐடியையும் ஒரே ஏஜென்சிக்குக் கீழ கொண்டு வர்றாங்களாம், நம்ம கான்ட்ராக்ட் நிக்குமா?" என்று. நிற்கும் தம்பி, பயப்படாதீர்கள். இப்படி ஒன்றை ஆரம்பித்தால் முதல் இரண்டு மூன்று வருஷம் ஆள் கூடத்தான் வேண்டியிருக்கும். மற்றபடி என்னென்ன நடக்கும் என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன், உங்களிடம் இருந்தால் நீங்களும் கீழே எழுதுங்கள். ஸ்டேட் பெயர், ஆபீஸ் பெயர் வேண்டாம். பாதிப் பேர் இன்னும் அங்கேதான் சோறு சாப்பிடுகிறோம்.

நான் இருந்தது அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு மாநிலத் தலைநகரம், பனி பெய்தால் ஏப்ரல் வரை போகாது. எங்கள் பிரிவின் வேலை, பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் சம்பளத்திலிருந்து பிள்ளைக்கான பணத்தைப் பிடித்து, பிள்ளையை வளர்ப்பவருக்கு அனுப்புவது. பணம் வந்த 2 வேலை நாளுக்குள் அனுப்பியாக வேண்டும் என்பது அமெரிக்க மத்திய சட்டம். எல்லாமே மெயின்பிரேம் என்கிற பழைய பெரிய கணினியில் கோபால் (COBOL என்ற பழைய கணினி மொழி) புரோகிராம்கள். (கல்யாணமான புதிதில் "இன்னைக்கும் கோபாலோட மல்லுக்கட்டி முடியல" என்று நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "அந்தக் கோபாலை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்களேன், பாவம்" என்றாள் என் மனைவி. பெயர் வந்த கதை அதுதான்.)

என் இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், அதே துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. ராத்திரி மொத்தமாகத் தானே ஓடும் கணினி வேலைகளான பேட்ச் ஜாப்களில் எது எதற்கு முன்னால் போக வேண்டும், மாதத்தில் ஐந்தாவது வெள்ளிக்கிழமை வந்தால் எதைக் கையால் நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையிலும் ஒரு பச்சை அட்டை போட்ட நோட்டிலும் இருந்தது. ஏதாவது சிக்கல் என்றால் நாற்காலியைத் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன், அவர் கண்ணாடியைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார், வேலை முடிந்தது.

அப்புறம்தான் ஒருங்கிணைப்பு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் மாநிலத்தின் மத்திய ஐடி ஏஜென்சியின் ஊழியர் ஆகிவிட்டார். அதே நாற்காலி, அதே மேசை, கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் வேறு நிறம். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆறு மாதத்தில் அவருடைய குழுவை ஊருக்கு அந்தப் பக்கம் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள், அங்கே ஐந்து துறைகளின் பேட்ச் ஜாப்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவர் ஒரு குளிர்காலம் பார்த்தார், பிறகு முன்கூட்டியே ஓய்வு கொடுக்கும் திட்டம் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பச்சை நோட்டை யாரும் கேட்கவில்லையாம்.

மே மாதக் கடைசி, திங்கட்கிழமை மெமோரியல் டே விடுமுறை. வெள்ளிக்கிழமை ராத்திரி பேட்ச் நின்றது. ஏஜென்சியின் சேவை மையத்தில் டிக்கெட் (எண் போட்டு வரிசையில் நிற்கும் புகார்) போட வேண்டும், அதில் ஒரு கட்டம்: "எத்தனை பயனர்கள் பாதிக்கப்பட்டுள்ளனர்?" அந்தத் திரையைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கள் ஆபீஸில் நாலு பேர். நான் நேர்மையாக 4 என்று போட்டேன். சிஸ்டம் அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டது. அந்த நாலு பேருக்குப் பின்னால் மாநிலம் முழுக்க எத்தனை வீட்டில் செக்குக்குக் காத்திருப்பார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. இன்றைக்கு வரை அந்த 4 என்னை உறுத்துகிறது, நாலாயிரம் என்று போட்டுத் தொலைத்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை போன் விடாமல் அடித்தது. வாடகை கட்ட முடியவில்லை என்று ஒரு பெண் அழுதார், போனை எடுத்தவள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அவளும் அழுதுவிட்டாள். புதன்கிழமை காலை எங்கள் மேனேஜர் பொறுமையிழந்து, விதிமுறை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்த அம்மாவின் வீட்டுக்கே போன் போட்டார். அவர் தோட்டத்தில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம். "இந்த மாசம் அஞ்சு வெள்ளி, பாத்தியா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒருங்கிணைப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. சர்வர் பெட்டிகளை எண்ணிக் கணக்கெடுத்தார்கள், ஊழியர் தலைகளை எண்ணினார்கள், தலைக்குள் இருந்ததை யாரும் எண்ணவில்லை. என் குறை அவ்வளவுதான்.


மேசைக்கு அந்தப் பக்கம் எழுதியது:

மாமா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் உங்கள் டிக்கெட்டை வாங்குகிற பக்கத்து ஆள். வேறு ஸ்டேட்தான், இருந்தாலும் கொஞ்சம் ரோஷம் வருகிறது.

ஒருங்கிணைப்புக்கு முன்னால் துறைகள் எப்படி இருந்தன என்று நான் பார்த்திருக்கிறேன். முதல் ஒன்றரை வருஷம் எனக்கு வேலையே துறை துறையாகப் போய் சர்வர்களைப் பட்டியல் எடுப்பதுதான். ஒரு ஆபீஸில் துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் ஒரு சர்வர், மேலே தண்ணீர்க் குழாய், பக்கத்தில் சூடு தணிக்க ஒரு டேபிள் ஃபேன். பாஸ்வேர்டு மானிட்டரிலேயே மஞ்சள் காகிதத்தில் ஒட்டியிருந்தது. பேக்கப் எடுக்கிறீர்களா என்றேன், "எடுத்துட்டிருந்தவர் ரிட்டயர் ஆயிட்டார்" என்றார்கள். சில பெட்டிகள் எதற்கு ஓடுகின்றன என்று யாருக்குமே தெரியாது. அவற்றை அணைத்து வைத்துவிட்டு யார் அலறுகிறார்கள் என்று இரண்டு வாரம் காத்திருப்போம். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க இதுதான் வழக்கம். ஒருமுறை நாற்பது நாள் கழித்து அலறினார்கள், காலாண்டு அறிக்கை அதில்தான் இருந்திருக்கிறது.

துறைக்கு ஒரு ராஜா என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கரோலினா இருக்கிறது. 2012இல் அங்கே வரித்துறையின் கணினிக்குள் புகுந்து 36 லட்சம் சோஷியல் செக்யூரிட்டி எண்களை (இங்கே ஆளுக்கு ஒன்றாக இருக்கும் அடையாள எண்) அள்ளிக்கொண்டு போனார்கள். ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கியதில் தொடங்கியது. பாதுகாப்புக்கு மாநிலம் முழுமைக்கும் பொறுப்பான ஒருவர் அப்போது அங்கே இல்லை.


உப்புஏரி வாசி எழுதியது:

அந்தப் பக்கம் அண்ணா, அதே 2012இல் எங்கள் யூட்டாவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இங்கே 2005இலேயே சட்டம் போட்டு எல்லா ஐடியையும் ஒரே துறைக்குக் கீழ் கொண்டு வந்தாயிற்று. அந்தத் துறை பராமரித்த மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி) சர்வரிலிருந்துதான் சுமார் 7,80,000 பேரின் விவரம் போனது, அதில் 2,80,000 பேருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே போனது. பாஸ்வேர்டு ஒழுங்காக வைக்காததுதான் காரணம். துறைத் தலைவர் பதவியைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆக மஞ்சள் காகிதம் மையத்திலும் ஒட்டலாம்.


மேசைக்கு அந்தப் பக்கம் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் யாரைப் பதவியிலிருந்து அனுப்புவது என்பதாவது அங்கே தெரிந்தது, இல்லையா?


பட்ஜெட் அக்கா எழுதியது:

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, எச்4 விசாவில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்கான விசா) வந்து, படித்து, இங்கே ஒரு ஸ்டேட் துறையில் பட்ஜெட் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சர்வரைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு ஒருங்கிணைப்பு என்றால் மாதாமாதம் வருகிற பில்தான்.

முன்பு எங்கள் துறைக்குச் சொந்தமாக ஐடி ஆட்கள், சொந்தப் பெட்டிகள். வாங்கினால் வாங்கினது, அதோடு சரி. மத்திய ஏஜென்சிக்குப் போன பிறகு அவர்கள் எங்களுக்குக் கடைக்காரர், நாங்கள் வாடிக்கையாளர். ஒரு மெயில்பெட்டிக்கு இவ்வளவு, ஒரு போனுக்கு இவ்வளவு, சேமிப்பு இடத்துக்கு ஜிபி கணக்கில் இவ்வளவு. வேறு கடைக்குப் போகவும் சட்டம் விடாது. ரேஷன் கடையில் நின்ற பழக்கம் நமக்கு இருப்பதால் எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை, வெள்ளைக்காரச் சகாக்கள்தான் கொதித்தார்கள்.

முதல் வருஷ பில்லை வரி வரியாகப் பார்த்தேன். வேலையைவிட்டுப் போனவர்களின் மெயில்பெட்டிக்கும் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒருவர் இறந்தே போய்விட்டார். எடுங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். மூன்று வாரம் உட்கார்ந்து போட்டேன்.

ஏன் இவ்வளவு கறாராக பில் போடுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை, எங்கள் சூப்பர்வைசர்தான் சொல்லிக் கொடுத்தார். மெடிக்கெய்ட், உணவு உதவி, மாமா சொன்ன பிள்ளைப் பணம், இதற்கெல்லாம் பெரும்பங்கு பணம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய சர்வரில் மீன்வளத் துறையின் வேலையையும் சேர்த்து ஓட்டினால், எவ்வளவு பங்கு யாருடையது என்று பிரித்துக் காட்ட வேண்டும். மத்திய ஏஜென்சி லாபம் வைக்கவும் கூடாது, ஒரு துறைக்கு வந்த வாஷிங்டன் பணத்தில் இன்னொரு துறைக்குச் சலுகை கொடுக்கவும் கூடாது. கூடுதலாக வாங்கினால் வாஷிங்டன் திரும்பக் கேட்கும். ஆகவே ஒருங்கிணைத்தால் உடனே செலவு குறையும் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். குறைகிற துறைக்குக் குறையும், முன்பு துடைப்ப அறையில் ஓசியாக ஓட்டியவர்களுக்கு ஏறும்.


ஆஸ்டின் தோசைக்கல் எழுதியது:

செலவு என்றதும் டெக்சாஸ் ஞாபகம் வந்தது. 2005இல் சட்டம், 2006இல் ஐபிஎம்முடன் 86.3 கோடி டாலருக்கு ஏழு வருஷ ஒப்பந்தம், 27 ஏஜென்சிகளின் டேட்டா சென்டர்களை ஆஸ்டின், சான் ஏஞ்சலோ என்று இரண்டே இடத்துக்குக் கொண்டு வருவதாகத் திட்டம். 2008இல் ஒரு சர்வர் விழுந்து அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் கோப்புகள் தொலைந்ததும், கவர்னர் ரிக் பெரி இடமாற்றத்தை நிறுத்தி வைத்தார். 2012இல் ஐபிஎம் போய் வேறு கம்பெனிகள் வந்தன. கவனியுங்கள், ஒருங்கிணைப்பைக் கைவிடவில்லை, ஆளைத்தான் மாற்றினார்கள். நான் வந்தது அதற்குப் பிறகு, என்னிடம் சொந்தக் கதை ஒன்றும் இல்லை, பழைய ஆட்கள் காபி குடிக்கும்போது சொல்வதைக் கேட்டதுதான்.


ரேகை இல்லாதவன் எழுதியது:

என்னுடையது சின்னது. நான் வேலை பார்த்த ஆபீஸில் போலீஸ் சம்பந்தப்பட்ட தரவு இருந்தது. எஃப்பிஐ விதிப்படி அந்தத் தரவு இருக்கும் இடத்துக்குக் கூட ஒருவர் நின்று பார்க்காமல் தனியாகப் போகிற யாரும் கைரேகை கொடுத்துச் சரிபார்ப்பு முடித்திருக்க வேண்டும். முன்பு எங்களுக்கென்றே ரேகை கொடுத்த ஒருவர் இருந்தார். ஒருங்கிணைத்த பிறகு டிக்கெட் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் வருவார், எவருக்கும் ரேகை முடிந்திருக்காது. ஒரு பிரிண்டர் கேபிளை மாற்ற ஒருவர், அவர் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க நான், எங்களுக்குக் கதவு திறந்துவிட ஒரு போலீஸ்காரர். மூன்று பேர் நின்று மாற்றினோம். கேபிள் தப்பான சைஸ்.


கோபால் மாமா எழுதியது:

ரேகை தம்பி, சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது.

அந்தப் பக்கம் நண்பரே, உங்கள் துடைப்ப அறையை நான் மறுக்கவே மாட்டேன், எங்கள் ஆபீஸிலும் ஒன்று மேசைக்கடியில் இருந்தது, அந்த அம்மா குளிர்காலத்தில் அதன் மேல் காலை வைத்துச் சூடு காய்வார். ஒன்று மட்டும் சொல்கிறேன். சின்னச் சின்னதாகத் தினமும் விழுவதை நிறுத்தினால், விழும்போது மொத்தமாக விழும். விர்ஜீனியா 2003இல் விட்டா (VITA) என்று மாநிலம் முழுமைக்கும் ஒரு ஐடி ஏஜென்சி உண்டாக்கி, 2005இல் நார்த்ராப் கிரம்மன் கம்பெனியோடு சுமார் 200 கோடி டாலருக்குப் பத்து வருஷ ஒப்பந்தம் போட்டது. 2010 ஆகஸ்டில் சேமிப்புக் கருவி ஒன்றில் ஒரு மெமரி கார்டு போயிற்று. 26 துறைகள் படுத்துக்கொண்டன, ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட மாநிலத்தில் எங்கேயும் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்க முடியவில்லை. தனித்தனியாக இருந்திருந்தால் அந்தக் கார்டு ஒரு துறையைத்தான் கவிழ்த்திருக்கும். அதற்காகத் தனித்தனியாகவே இருக்கலாமா என்றால், தென் கரோலினா கண் முன்னால் நிற்கிறது. எனக்கும் விடை தெரியவில்லை, மாதம் ஒருமுறை கட்சி மாறுகிறேன்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். அடுத்த வருஷமே ஒரு வெண்டர் மூலமாகத் திரும்பக் கூப்பிட்டார்கள், வாரத்துக்கு இரண்டு நாள், வாங்கின சம்பளத்தைவிட மணிக்கணக்கில் எவ்வளவோ அதிகம். மத்திய ஏஜென்சிக்கு அவர் கான்ட்ராக்டர், எங்கள் துறைக்கு அவர் நேரத்துக்குத் தனி பில் (பட்ஜெட் அக்கா, தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள்). உட்கார இடம் இல்லை என்று பழைய மேசையையே கொடுத்தார்கள், எனக்குப் பத்தடி தள்ளி. ஆனாலும் நாற்காலியைத் திருப்பி நேராகக் கேட்கக் கூடாது, டிக்கெட் போட்டால்தான் அவர் நேரத்துக்குக் கணக்கு. ஆகவே நான் கேள்வியைத் தட்டி அனுப்புவேன், அது சேவை மையத்துக்குப் போய், எண் வாங்கி, வரிசையில் நின்று, அவர் திரைக்கு வரும். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிப் பதிலைச் சொல்லி முடித்திருப்பார்.