82 வயது ஐயாவிடம் எஞ்சிய ஆயுளைப் பற்றி எப்படிப் பேசுவது?

வடமராட்சி வைத்தியர்
பிரதேச வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றுகிறேன். நீரிழிவும் இதயச் செயலிழப்பும் உள்ள 82 வயது ஐயா ஒருவர் மாதந்தோறும் கிளினிக்குக்கு வருகிறார். ஆறு மாதங்களில் நன்றாக மெலிந்துவிட்டார். வாசலிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். கிளிக்கிளசைட் குளிசையால் ஒருநாள் விடியற்காலையில் சீனி இறங்கி, கிணற்றடியில் விழுந்தும் இருக்கிறார். இனிச் சீனியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்று சொன்னபோது, "ஏன் தம்பி, என்னைக் கைவிட்டிட்டியளோ?" என்று கேட்டார். கனடாவிலுள்ள மகனோ, அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்கிறார். இந்தப் பேச்சை எங்கே தொடங்குவது?

ஓய்வுபெற்ற குடும்ப வைத்தியர்
எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். இலங்கையரின் சராசரி ஆயுள் 77 அளவில் என்று சொல்லப்படுவது பிறக்கும் குழந்தைக்குரிய கணக்கு. 82ஐத் தொட்டவருக்கு அது பொருந்தாது. அந்த வயதில் ஒருவர் பத்து ஆண்டுகள் இருப்பார், இன்னொருவர் ஓராண்டில் போய்விடுவார். ஆகவே வயதைவிட நடையைப் பாருங்கள். 34,000க்கும் மேற்பட்ட முதியோரின் தரவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வில், விநாடிக்கு 0.8 மீற்றர் வேகத்தில் நடப்பவர்கள் தங்கள் வயதினரின் இடைநிலை ஆயுளை ஒட்டி வாழ்ந்தார்கள். கிளினிக் தரையில் 4 மீற்றருக்கு இரு கோடுகள் போட்டால் போதும். வழக்கமான நடையில் அதைக் கடக்க 5 விநாடிக்கு மேல் எடுப்பவரைக் கவனியுங்கள். உங்கள் ஐயா இடையில் நிற்கிறார் என்பதே பாதி விடை.

"தேவையில்லை" என்ற சொல்தான் அவரை நோகடித்திருக்கிறது. இறுக்கமான கட்டுப்பாட்டின் நன்மை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும், சீனி இறங்கி விழுவதன் தீமையோ அன்றைக்கே வந்துவிடும். எனவே, "விழாமல் இருக்கக் குளிசையைக் குறைக்கிறேன், அடுத்த மாதமும் நான்தான் பார்ப்பேன்" என்று சொல்லியிருக்கலாம். பல நோய்கள் உள்ள முதியவருக்கு எச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் போதும் என்றே அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் கூறுகிறது.

சுன்னாகத்து மகள்
நான் வைத்தியர் அல்ல. எங்கள் அப்பாவிடம் கடைசிவரை எவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் மறைத்தோம். ஆனால் அவர் இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, காணியை எங்கள் பெயருக்கு எழுதி முடித்திருந்தார். உறுதி எழுதும்போது "எனக்குப் பிறகு" என்று பத்துத் தடவை சொன்ன மனிதரிடம் நாங்கள் எதை மறைத்தோம் என்று இப்போதும் யோசிக்கிறேன். மகன் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் முடிவை ஐயாவிடம் விடுங்கள்.

மருத்துவ விரிவுரையாளர்
ஆனால் எல்லோரும் இதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. 2018இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில், கற்பனை நோயாளி ஒருவரின் நிலையில் தங்களை வைத்துப் பார்த்த முதியோரில் 59 சதவீதத்தினர், எவ்வளவு காலம் வாழ்வோம் என்பதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஆகவே முதலில், "வருங்காலத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், யார் கூட இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். நல்லூரான் பார்த்துக்கொள்வான் என்று பதில் வந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். ஆனால் கேட்டதைக் கிளினிக் கொப்பியில் குறித்துவைத்து, உடல்நிலை மாறும்போது மீண்டும் கேளுங்கள்.

வடமராட்சி வைத்தியர்
நேற்று ஐயா வந்திருந்தார். 4 மீற்றருக்கு 9 விநாடி ஆனது. கிளிக்கிளசைட்டை நிறுத்திவிட்டு, விரிவுரையாளர் சொன்னபடியே கேட்டேன். சாதகத்தில் 84 என்று இருக்கிறதாம், அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அடுத்த ஆடிக்குப் பிறகு ரொறன்ரோவில் பேத்தியின் கலியாணம், விமானத்தில் போகலாமா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. அவ்வளவு நாள் பொறுக்காமல் கலியாணத்தை முன்னுக்கு வைக்க முடியுமா என்று நான் கேட்டபோது, சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "மகனோட நீங்களே கதையுங்கோ" என்றார்.