எம்.பி. டெல்லியில் என்னதான் செய்கிறார்? நேரில் பட்டதைச் சொல்லுங்கள்

திருப்பூர் கார்மென்ட்ஸ்:

நம்ம பக்கம் ஒரு எம்.பி.யை எதை வைத்து அளக்கிறோம் என்பது தெரிந்ததுதான். கல்யாணத்துக்கு வந்தாரா, எழவுக்கு வந்தாரா, ஊர் முக்கில் ஹைமாஸ் லைட் போட்டுக் கொடுத்தாரா. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு அதைப் பங்கு போட்டால் லைட்டும் நிழற்குடையும்தான் தேறும். மந்திரி ஆகாத, டிவியில் வராத, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற எம்.பி. அங்கே என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவர்களோடு உங்களுக்கு ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், பேரும் வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். ஜவுளித் தொழிலில் புது மெஷின் வாங்க மத்திய அரசு உதவி தந்த ஏ-டஃப்ஸ் திட்டத்தில் கார்மென்ட்ஸுக்கு 15 சதவீதம் மூலதன மானியம் என்று நம்பி, பேங்க் லோனில் தையல் மெஷின் இறக்கினோம். விண்ணப்பத்துக்கான யூ.ஐ.டி. நம்பர் வந்தது. அதற்கப்புறம் கூட்டு ஆய்வுக்கு ஆள் வர வேண்டும். வரவில்லை. லோனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஓடியது. நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு எம்.பி. ஆபீசுக்குப் போனோம்.

எம்.பி. டெல்லியில் இருந்தார். அவருடைய உதவியாளர், சின்னப் பையன், மனுவைப் படித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, இதை அப்படியே மந்திரிக்கு அனுப்புனா, கெடச்சதுன்னு ஒரு லெட்டர் வருமுங்க. அத்தோட சரி. கேள்வியாக் குடுங்க." உடனே இன்னொன்றும் கேட்டான்: "இது உங்க ஒருத்தர் ஃபைலுங்களா, எல்லாத்துக்கும் இப்படித்தானுங்களா?" ஒரே கம்பெனியின் விவகாரத்தைக் கேட்டால் சபைச் செயலகத்திலேயே நின்றுவிடுமாம். பையன் கொஞ்சம் உஷாராக இருந்ததற்கும் காரணம் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கினார்கள் என்று 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவியிழந்தது ஊருக்கே தெரியும். அதனால் யாருக்காகக் கேட்கிறோம், எதற்காகக் கேட்கிறோம் என்று அவர்கள் ஆராய்வது நியாயம்தான்.

மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேள்வி எழுதினோம். புலம்பல் எல்லாம் போனது. மாநில வாரியாக எத்தனை விண்ணப்பம் நிலுவை, அதில் ஆய்வு முடிந்தது எத்தனை, விடுவித்த தொகை எவ்வளவு, தாமதத்துக்குக் காரணம் என்ன. எண் இல்லாமல் பதில் சொல்ல முடியாதபடி கேட்பதுதான் சூட்சுமம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கேள்விக்கு 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஒரு எம்.பி. ஒரு நாளைக்கு ஐந்து நோட்டீஸ்தான் தரலாம். வந்ததையெல்லாம் குலுக்கிப் போட்டு, வாய்மொழிப் பதிலுக்கு 20, எழுத்துப் பதிலுக்கு 230 எடுக்கிறார்கள். எங்கள் கேள்வி முதல் முறை குலுக்கலில் விழவில்லை, அப்புறம் எழுத்துப் பதில் பட்டியலில் வந்தது. சபையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு அட்டவணை அச்சாகி வந்தது. துறை தன் கையால் எழுதிக் கொடுத்த கணக்கு. அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்காரர்கள் பேசப் போன பேச்சே வேறு மாதிரி இருந்தது. சில மாதத்தில் ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். கேள்வியால் வந்தார்களா, தானாக வந்தார்களா, சத்தியம் செய்ய மாட்டேன். பணம் இன்னும் முழுசாக வரவில்லை.

பொள்ளாச்சி தென்னை:

உங்களுக்கு அட்டவணையாவது வந்தது. எங்களுக்கு வந்தது ஒரு கடிதம்.

ஆனைமலைப் பக்கம் வேர் வாடல் நோய் என்ன செய்திருக்கிறது என்று இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும். கேரளாவில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிற நோய். ஃபைட்டோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரால் வருவது, பூச்சிகள் மூலம் பரவுவது, மருந்து கிடையாது. மரத்தை வெட்டி எடுத்துவிட்டு நோயைத் தாங்குகிற கன்றை நட வேண்டும். வெட்டுகிற கூலிக்கு நாங்கள் எங்கே போவது? இதைச் சொல்லித்தான் எம்.பி.யைப் பார்த்தோம். மனிதர் மரியாதையாகவே பேசினார். "377-ல குடுத்துடறேனுங்க" என்றார்.

விதி 377 என்றால், வேறு எந்த வகையிலும் எழுப்ப முடியாத விஷயத்தை 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுப்பது. அதற்குத் துறை எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். நாங்கள் அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சபையில் ஒரே கூச்சல். 377 எல்லாம் மேஜையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று தலைமையில் இருந்தவர் சொன்னார், அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் ஊர்ப் பேரைக்கூட யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் முழுசாக இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் என் தம்பியே நம்பினான்.

பதில் கடிதத்தின் சாரம்: திட்டம் இருக்கிறது, மாநில அரசிடமிருந்து முன்மொழிவு வந்தால் பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு மாநிலத்துக்கு ஓடினோம். பின்வரிசை எம்.பி.யால் ஆனது அந்தக் கடிதம் வரைக்கும்தான் என்பது என் கருத்து. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதையெல்லாம் சாதனை என்று போஸ்டர் அடிக்கும்போது எரிச்சல் வருகிறது.

சிங்காநல்லூர், ரிட்டயர்டு மில் தொழிலாளி:

தென்னைக்காரத் தம்பி சொல்வது சரி. ஆனால் எழுதி வைத்ததும் நிற்கும். 1977-ல் பார்வதி கிருஷ்ணன் கோவையில் நின்றபோது நான் மில்லில் புதுசு. கேட் கூட்டத்தில் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அந்தம்மா 1957-லேயே இங்கிருந்து மக்களவைக்குப் போனவர், கம்யூனிஸ்ட் கட்சி. அப்பா குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன், அதே 57-ல் திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரசில் ஜெயித்து, பின்னால் மத்திய மந்திரி. அப்பா ஆளுங்கட்சி வரிசையில், மகள் எதிர்வரிசையில். எங்கள் யூனியன் ஆபீசில் பெரியவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மந்திரி பதவி எதுவும் வகிக்காதவர் அவர். ஆனால் எங்கள் செட்டில் அவர் பேரை மறந்தவர் யாரும் இல்லை. அன்றைய மந்திரிமார்கள் எத்தனை பேர் பேர் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? இப்போது திருச்செங்கோடு என்ற மக்களவைத் தொகுதியே கிடையாது, 2009-லிருந்து போய்விட்டது. கோபியும் அப்படித்தான்.

பெருந்துறை சாயப்பட்டறை:

நான் சொல்லப்போவது நாடாளுமன்றக் குழுவைப் பற்றி. எல்லோரும் சபையையே பார்க்கிறீர்கள், வேலை நடப்பது குழுவில்.

2011 ஜனவரி 28 எங்கள் தொழிலில் யாரும் மறக்க முடியாத தேதி. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள். அப்புறம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் திறந்தோம். தண்ணீரைத் திரும்ப எடுத்துவிடலாம். கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை என்ன செய்வது? மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறோம்.

சில வருடம் கழித்து நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று கோவைக்கு வந்தது. இந்த மாதிரித் துறைசார் குழு 24 இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவை 21, மாநிலங்களவை 10. வந்தது அதில் பாதிகூட இல்லை. ஓட்டல் ஹாலில் கூட்டம். கேமரா கிடையாது, பத்திரிகைக்காரர் கிடையாது. எங்கள் சங்கத்தின் சார்பில் நாலு பேர் போனோம். தலைவர் வடக்கத்திக்காரர். எங்கள் பெரியவர் இங்கிலீஷில் ஆரம்பித்து இரண்டாவது வரியில் திணறினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு எம்.பி., நம்ம பக்கத்துக்காரர், "ஏனுங்க கஷ்டப்படறீங்க, தமிழ்லயே சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றார். இவர் பத்து நிமிடம் பேசியதை அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னார். எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் விட்டதெல்லாம் விட வேண்டியதுதான் என்று பிறகு தோன்றியது.

அடுத்து அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "உப்பைக் கொட்டக் கூடாதுங்கறீங்க. வெச்சிருக்கவும் கூடாதுங்கறீங்க. எங்கே கொண்டு போகச் சொல்றீங்கன்னு எழுத்துல குடுங்க." இதை முதலில் தமிழில் எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷில் அவர்களிடம் கேட்டார். ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் அதையே பிடித்துக்கொண்டு இன்னும் கடுமையாகக் கேட்டார். அங்கே கொறடா உத்தரவு கிடையாது, கட்சி தெரியவில்லை. சபையில் அதே எம்.பி.க்கு அவர் கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் கிடைப்பது மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ. அதிலும் பாதி மணி அடித்துப் போய்விடும்.

வெளியே வந்து இதைப் பற்றிப் பத்திரிகையில் பேச முடியாது. அறிக்கை அவையில் வைக்கிற வரைக்கும் உள்ளே நடந்தது ரகசியம். அந்த எம்.பி.க்கு ஒரு வரி விளம்பரம்கூடக் கிடையாது. அறிக்கை வந்தபோது பரிந்துரையாக ஒரு பத்தி இருந்தது, எங்கள் பெரியவர் சொன்னதன் சாயலோடு. அரசு மூன்று மாதத்தில் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். பரிந்துரையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, காரணம் சொல்லி மறுக்கலாம். எங்களுடையது மறுக்கப்படவுமில்லை, நடக்கவுமில்லை. "கவனத்தில் கொள்ளப்பட்டது."

நாமக்கல் கல்லூரி மாணவி:

நான் டெல்லி போனபோது எங்கள் எம்.பி. ஆபீஸ் மூலம் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் கிடைத்தது. போன் உள்ளே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம், தனிநபர் மசோதா நேரம். மந்திரி அல்லாத எம்.பி.க்கள் தாங்களாகவே கொண்டுவருகிற மசோதா அது. அவ்வளவு பெரிய சபையில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். ஊருக்கு ரயில் ஏறப் போயிருப்பார்கள்.

இருந்தவர்கள் எல்லோரும் பின்வரிசைக்காரர்கள். ஒருவர் பேப்பரைப் பார்க்காமல், யாரும் கூச்சலிடாமல், கால் மணி நேரத்துக்கும் மேல் பேசினார். அந்த மசோதா நிறைவேறாது என்று அவருக்கும் தெரியும். தனிநபர் மசோதா இரண்டு அவையிலும் நிறைவேறிச் சட்டமானது கடைசியாக 1970-ல். மொத்தமே 14 தான். ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதே? அது மக்களவையில் நிறைவேறவில்லை, ஆனாலும் அரசு தன் பங்குக்கு ஒரு மசோதாவை எடுத்துவர வேண்டியதாயிற்று. அரசின் சட்டம் அவர் கேட்ட மாதிரி இல்லை என்ற விமர்சனமும் இருக்கிறது.

இன்னொன்று. எத்தனை கேள்வி, எத்தனை சதவீத வருகை என்று எண்ணி ரேங்க் போடுகிறார்களே, அதை முழுசாக நம்பாதீர்கள். ஒரே கேள்வி வார்த்தை மாறாமல் ஏழெட்டு எம்.பி.க்கள் பேரில் சேர்த்து வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்று ஏறிவிடும்.

பொள்ளாச்சி தென்னை:

அம்மிணி சொன்னது நூற்றுக்கு நூறு. பெருந்துறை அண்ணா, "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று வந்தால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதானா?

திருப்பூர் கார்மென்ட்ஸ்:

நடுவில் வருகிறேன். சபையில் மந்திரி "பரிசீலனையில் இருக்கிறது", "விவரம் சேகரிக்கப்படுகிறது" என்று சொன்னால் அதை உறுதிமொழியாகக் கணக்கில் எடுப்பார்கள். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழு கேட்கும். அதனால்தான் பதில் எழுதுகிற அதிகாரிகள் அந்த வார்த்தைகளைத் தொடாமல் சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். குழு அறிக்கைக்கு வருகிற "கவனத்தில் கொள்ளப்பட்டது" இந்தக் கணக்கில் வராது. ஆனால் அதையே அடிப்படையாக வைத்துச் சபையில் ஒரு கேள்வி கேட்க வைக்கலாம்: இன்ன அறிக்கையின் இன்ன பரிந்துரை மீது இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன, தேதி வாரியாக.

பெருந்துறை அண்ணா, அந்த அறிக்கையின் எண்ணும் பத்தி எண்ணும் இருந்தால் போடுங்கள். அடுத்த கூட்டத்தொடர் தேதி அறிவித்ததும் முதல் வாரத்திலேயே கொடுத்தால்தான் குலுக்கலுக்கு இரண்டு மூன்று வாய்ப்புக் கிடைக்கும். நானும் தென்னைக்காரரும் எங்கள் எம்.பி.க்கள் மூலம் தனித்தனியாகக் கொடுக்கிறோம்.

பெருந்துறை சாயப்பட்டறை:

சங்க ஆபீசில் ஃபைல் இருக்குங்க. திங்கட்கிழமை எடுத்துப் போடுகிறேன்.