லட்ச ரூபாய் ஹெட்போன் பழுதானால் எங்கே போவது? பட்டவர்கள் எழுதுங்கள்

இடதுகாது:

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று யாரோ "பிளானர் வாங்கலாமா" என்று கேட்டிருந்ததைப் பார்த்ததும் எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. என்னுடையதும் பிளானர்தான், அதாவது கூம்புக்குப் பதில் தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து பாடும் ஹெட்போன். கம்பெனி பெயர் வேண்டாம், விலை ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு வருடம் முடிவதற்குள் இடது பக்கம் மெலிந்துவிட்டது. அடியோடு செத்திருந்தால்கூடப் பரவாயில்லை, பாதி உயிரோடு இருப்பதுதான் பிரச்சினையே. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் மெல்ல நகர்ந்து வலது கன்னத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. கேபிளை இடம் வலம் மாற்றினேன், ஆம்ப்ளிஃபையர் மாற்றினேன், காதில்தான் கோளாறோ என்று ஹெட்போனையே திருப்பி மாட்டிப் பார்த்தேன். குரலும் கூடவே திரும்பியது. சரி, டிரைவர்தான், உள்ளே சத்தம் எழுப்பும் அந்தப் பாகமேதான்.

வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பையன் ஒரு டாங்கிள் போட்டுத் தன் போனில் செருகி, ஏதோ குத்துப்பாட்டை முழு வால்யூமில் வைத்து, கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, "சூப்பரா இருக்கே சார், என்ன குறை?" என்றான். பாட்டு வேண்டாம், இரண்டு காதிலும் ஒரே மாதிரி வரும்படி மோனோவில் ஒரு டோன் போடுங்கள் என்றேன். "டோன் எல்லாம் யாரு சார் கேப்பாங்க, பாட்டுதானே கேப்பீங்க?" நக்கலே இல்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னான். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பிறகு மேனேஜர், படிவம், "கம்பெனிக்கு அனுப்புறோம்" எல்லாம் வழக்கம்போல. இன்னும் வரவில்லை.

சிங்கை ரிட்டர்ன்:

உங்களுக்காவது கடை உள்ளூரில். நான் சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கியது, ஊர் திரும்பிய பிறகு வலது பக்கம் கரகரப்பு. இங்குள்ள டீலர் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது நம்ம செட் இல்ல சார்" என்று பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லுமாம், அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அங்கேயே இருந்திருந்தால் லெமன் சட்டம் என்று குறையுள்ள பொருள் வாங்கியவர்களுக்கான சட்டம் ஒன்று உண்டு, 2012 முதல் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் தெரிகிற குறை முதலிலிருந்தே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அதை வைத்து என்ன செய்ய?

கூரியரில் அனுப்பினேன். டிரைவரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். திரும்பி வரும்போதுதான் கூத்து. கூரியர் ஆபீஸிலிருந்து போன், "சார், டியூட்டி கட்டினாத்தான் டெலிவரி." என் பொருள்தானே, ரிப்பேருக்குப் போய் வருகிறது என்றேன். "பேப்பர்ல அப்படி எதுவும் இல்லியே சார், ஃபுல் ரேட்டு போட்டிருக்கு." இங்கிருந்து போகும்போதே பழுதுபார்க்கத்தான் போகிறது என்று சீரியல் எண்ணோடு ஆவணம் இருந்தால், திரும்பும்போது பழுதுபார்த்த செலவு, போக்குவரத்து, இன்சூரன்ஸ் இவற்றின் மேல் மட்டும்தான் வரி. இதைப் பிறகு ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் சொல்லித் தெரிந்துகொண்டேன். அனுப்பிய அன்று கூரியர் கடையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆலோசனை "கிஃப்ட்னு போட்ருங்க சார்". பழைய ஹெட்போனை ஹெட்போன் கம்பெனிக்கே கிஃப்டாம்!

ஓப்பன்பேக் மாமா:

இரண்டு பேர் எழுதியதும் படித்தேன், வருத்தம்தான். ஆனால் தம்பிகளா, அவ்வளவு பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால் இந்த டிரைவரைக் கழற்றி மாற்ற முடியுமா, தனியாகக் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

என் அனுபவம் சின்னது. சென்ஹைசர் எச்டி 650, வலது பக்கம் பேஸ் வரும்போது மட்டும் ஸ்ர்ர்ர் என்றது. காதில் உட்காரும் பேடை உருவினேன், உள்ளே இருக்கும் மெல்லிய நுரையை எடுத்தேன், டிரைவர் மேல் ஒரு நரைமுடி. டேப் நுனியால் ஒற்றி எடுத்தேன், சத்தம் போயே போச்சு. அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எச்டி 600 வந்தது 1997இல், 650 வந்தது 2003இல். பேட், கேபிள், டிரைவர், மேலே இருக்கும் பட்டை எல்லாம் தனித்தனியாக வரும், பிரிக்க ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். கேபிள் பின்னில் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு, தப்பாகச் செருகவே முடியாது. 2022இல் அந்தக் கம்பெனியின் ஹெட்போன் பிரிவே சுவிட்சர்லாந்தின் சோனோவா கைக்குப் போனது, அப்புறமும் பேடும் கேபிளும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஹெட்போன் என்றால் இப்படி இருக்க வேண்டும். இரண்டாவது, எதை வாங்கினாலும் முதல் நாளே 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப், அதாவது சுருதி மெல்ல ஏறிக்கொண்டே போகும் ஒலி, போட்டு மெதுவாகக் கேளுங்கள், முடி, தூசி, காயில் உரசல் எல்லாம் அங்கேயே பல்லை இளிக்கும். அப்புறம் மோனோவில் பிங்க் நாய்ஸ் என்கிற சீரான இரைச்சல், நடு மண்டையில் நிற்கிறதா என்று பார்க்க. மூன்றாவது, பிளானரைத் தலையில் மாட்டும்போது உள்ளே படபடவென்றால் உடனே பதறாதீர்கள், அந்த மெல்லிய சவ்வு காற்றழுத்தத்தில் வளைகிறது, எல்லாமே பழுது இல்லை. நான்காவது, கடைக்காரன் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஐந்தாவது, எந்தப் பக்கம் பழுது என்று தெரிய முதலில் கேபிளை இடம் வலம் மாற்றிப் பார்க்க வேண்டும், இதை யாரும் செய்வதில்லை.

இடதுகாது:

மாமா, மாற்றிப் பார்த்தேன் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். 1915க்கு நன்றி.

வேளச்சேரி ஈரம்:

மாமா சொல்கிற ஸ்வீப் எல்லாம் வாங்கிய நாளுக்குச் சரி. என்னுடையது எலக்ட்ரோஸ்டாட்டிக், மின்னேற்றிய சவ்வு அதிர்ந்து பாடும் வகை, அந்தச் சவ்வுக்குக் கொடுக்கும் பயாஸ் மின்னழுத்தம் 580 வோல்ட். ஜூலை வரை தேன் மாதிரி பாடியது. நவம்பர் மழையில் ஒரு ராத்திரி தலையில் மாட்டினேன், பாட்டு போடுவதற்கு முன்னாலேயே காதுக்குள் ஊய்ங்ங் என்று சன்னமாக ஒரு கீச்சல். கழற்றினால் இல்லை, மாட்டினால் வருகிறது. அரை மணி நேரத்தில் இடது பக்கம் வலதில் பாதிதான் கேட்டது.

சர்வீஸுக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சார் உங்க ரூம்ல ஏசி இருக்கா?" ஹெட்போனுக்கு ஏசி! ஆனால் மனிதர் சொன்னது சரிதான். சவ்வின் மேல் ஈரமோ தூசியோ படிந்தால் அந்தப் பக்கத்து சார்ஜ் கசிந்துவிடும், சத்தம் குறையும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டு வைத்தேன், தானாகச் சரியானது. அடுத்த மழைக்கு மறுபடியும் ஊய்ங். இதற்கு வாரண்டியில் என்ன எழுதி வாங்குவது, சென்னையில் மழை பெய்யக் கூடாது என்றா?

காந்திபுரம்காரன்:

மாமா மேல் மரியாதை உண்டு, ஆனால் கழற்ற முடியாததை வாங்காதே என்றால் மேல் விலையில் இருப்பதில் பாதியைத் தொடவே முடியாது. எல்லாரும் முப்பது வருடத்துக்கு முந்தைய டிசைனையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்ன.

எனக்கு நடந்தது இது. டைனமிக்தான், காயில் அசைந்து பாடும் சாதாரண வகை, எழுபதாயிரம் ரூபாய், வாரண்டி முடிந்த கையோடு ஒரு பக்கம் சுத்தமாகச் சத்தம் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் "ரெண்டு டிரைவரும் மேட்ச்டு பேர் சார், ஜோடியாத்தான் மாத்துவோம்" என்று ஒரு தொகை சொன்னார்கள், ஹெட்போன் விலையில் பாதியைத் தாண்டியது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஏரியாவில் ஸ்பீக்கருக்கும் மிக்ஸி மோட்டாருக்கும் காயில் கட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். மல்டிமீட்டர் வைத்தார், ஓப்பன், எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு டிரைவர் ஓரத்தைக் காட்டினார். காயிலிலிருந்து வெளியே வரும் ஒயர், தலைமுடியை விட மெல்லிசு, பற்று வைத்த இடத்துக்குச் சற்று முன்னால் அறுந்து நின்றது. அதன் நுனி எனாமலை பிளேடால் இப்படியும் அப்படியும் இரண்டு இழுப்பு, பிறகு ஒரு பொட்டு ஈயம். நான் மூச்சே விடவில்லை, அவர் வாயில் வெற்றிலை. பாட்டு வந்தது. "இது எவ்வளவு தம்பி?" என்றார், சொன்னேன். ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இந்த ஒயர் போட்டா?" என்றார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஓப்பன்பேக் மாமா:

அது அதிர்ஷ்டம். இதையே பிளானரில் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம். அங்கே காயிலே கிடையாது, சவ்வின் மேலேயே ஒட்டிய உலோகத் தடம்தான், அது விரிசல் விட்டாலோ பெயர்ந்தாலோ ஈயம் வைத்தால் சவ்வு பொசுங்கிவிடும். முழு டிரைவரையும் மாற்றியே ஆக வேண்டும். வாரண்டி இருக்கும்போது யாரும் பிளேடு வைக்காதீர்கள்.

காந்திபுரம்காரன்:

வாரண்டி முடிந்தது என்று எழுதியிருக்கிறேன் மாமா. நீங்கள் யாருடைய பதிவையும் முழுசாகப் படிப்பதே இல்லை.

புதுசா வந்தவன்:

அண்ணன்களே, செகண்ட் ஹேண்டில் ஒரு பிளானர் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

சிங்கை ரிட்டர்ன்:

பில் யார் பெயரில் என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். பில் இல்லை, பாக்ஸ் மட்டும் இருக்கிறது என்றால், டிரைவர் மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலையைப் பாருங்கள்.

இடதுகாது:

அப்டேட். கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பழுது எதுவும் இல்லை, அளவீடு எல்லைக்குள் இருக்கிறது என்று ஒரே வரி. எந்த எல்லை, எத்தனை டெசிபல், எதுவும் கிடையாது. வீட்டில் மாட்டிப் பார்த்தேன், பாடகர் அதே வலது கன்னத்தில்தான் இருக்கிறார். சனிக்கிழமை லேப்டாப்போடு கடைக்கே போய் இரண்டு பக்கத்தையும் அளந்து கிராஃபைக் காட்டப் போகிறேன். சென்னையில் யாரிடமாவது மெஷர்மென்ட் மைக் இருந்தால் சொல்லுங்கள், ஒரு நாள் வாடகை தருகிறேன்.

ஓப்பன்பேக் மாமா:

என்னிடம் இருக்கிறது. வாடகை வேண்டாம், நானும் வருகிறேன். ஒரு பக்கத்தையே பல முறை எடுத்துக் கழற்றி மாட்டி அளக்க வேண்டும், பேட் உட்காரும் விதத்திலேயே ஓரிரு டெசிபல் மாறும், அதைச் சொல்லித்தான் தட்டிக் கழிப்பார்கள். லேப்டாப்பில் சார்ஜ் முழுசாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.